செத்தவர்கள் கூடாரத்தில் ஒரு விசாரணை

ஹல்லிக்கி: ...செத்தவங்க சிகரெட் பிடிக்கக் கூடாது, சார்ஜென்ட். நடுவர் சொல்லிட்டுப் போனாரே, காதுல விழலையா?

ராய்வோ: செத்தவனுக்குக் காது எப்படிக் கேக்கும்?

ஹல்லிக்கி: வாய் மட்டும் வேலை செய்யுதாக்கும்?

ராய்வோ: நான் முழுசா சாகலை, லெப்டினன்ட். நடுவர் குடுத்த அட்டையைப் பாருங்க. "வயிற்றில் காயம். இரண்டு மணி நேரத்தில் மரணம்."

ஹல்லிக்கி: காலையில ஏழு மணிக்குப் பிடிச்சாங்க. இப்ப மணி மூணு. நீங்க போய்ச் சேர்ந்து ஆறு மணி நேரம் ஆச்சு. அணைங்க.

ராய்வோ: அணைச்சாச்சு, அணைச்சாச்சு... உங்க அட்டையில என்ன போட்டிருக்கு?

ஹல்லிக்கி: "உடனடி மரணம்."

ராய்வோ: குடுத்து வெச்சவங்க.

ஹல்லிக்கி: விளையாட்டா இருக்கா உங்களுக்கு? நாலு மணிக்கு மேஜர் தல்விக் வர்றாரு. அதுக்குள்ள நான் ரிப்போர்ட் எழுதியாகணும்.

ராய்வோ: எழுதுங்க. "பயிற்சியில் அஞ்சு பேரும் செத்தோம். மழை பெய்தது. சூப்பு வரவில்லை."

ஹல்லிக்கி: எப்படிச் செத்தோம்னு எழுதணும். ரெண்டு நாளா இந்த வோருக் காட்டுல நம்ம அஞ்சு பேரு எங்க இருக்கோம்னு எதிரித் தரப்புக்கு ஒண்ணும் தெரியலை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல போச்சு, தெரியலை. நாயைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, தெரியலை. மூணாவது நாள் காலையில நேரா வந்து நிக்கறாங்க!

ராய்வோ: நிக்கறாங்களா? என் வயித்து மேல நின்னாரு அந்தக் கேப்டன். நான் பாசியைப் போத்திக்கிட்டு மல்லாக்கப் படுத்திருக்கேன். நேரா வந்தாரு, பூட்ஸ் காலைத் தூக்கினாரு, வெச்சாரு. அம்மாடி, என்ன துல்லியம்!

ஹல்லிக்கி: அந்தக் கேப்டன் உர்மோ என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னு தெரியுமா?

ராய்வோ: மன்னிப்பு கேட்டிருப்பாரு.

ஹல்லிக்கி: "எதிரிக் குழுவிலிருந்த சைபர் நிபுணரின் கருவி வெளியிட்ட சிக்னலை வைத்து இடத்தைக் கண்டறிந்தோம்." என் கருவி, சார்ஜென்ட். அதாவது உங்க எல்லாரையும் கொன்னது நான்.

ராய்வோ: ...அப்படியா எழுதியிருக்காரு?

ஹல்லிக்கி: மேஜருக்கு ஆரம்பத்துல இருந்தே, "சிறப்புப் படை காட்டுக்குள்ள போறப்ப கூட ஒரு லேப்டாப் ஆளு எதுக்கு"ன்னு ஒரு கேள்வி. இன்னிக்கு அதுக்குப் பதில் கெடச்சுடுச்சு. நாலு மணிக்கு என் பேரை அடிச்சுட்டாருன்னா, திரும்பவும் தாலின்ல அந்த ஜன்னல் இல்லாத ரூமுதான் எனக்கு. செத்துப் போறதே பரவாயில்லை.

ராய்வோ: சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க. ரூமுல ஹீட்டர் இருக்குமே.

ஹல்லிக்கி: இந்தப் படையில சேர அறுபது கிலோமீட்டர் நடை. முதல் தடவை நாப்பதுல விழுந்தேன். அடுத்த வருஷம் அம்பத்தெட்டுல விழுந்தேன். மூணாவது வருஷம் முடிச்சப்ப கால்ல ரெண்டு நகத்தைக் காணோம். ஹீட்டருக்கா அதெல்லாம்?

ராய்வோ: தெரியும். கடைசி மைல்கல்லுகிட்ட நின்னது நான்தானே. நீங்க நொண்டிக்கிட்டு வர்றதைப் பாத்து, "கடவுளே, இந்தப் பொண்ணு என் குழுவுக்கு மட்டும் வந்துடக் கூடாது"ன்னு நெனச்சேன்.

ஹல்லிக்கி: ரொம்ப நன்றி.

ராய்வோ: உங்க பேட்டரியை என் முதுகுல ஏத்தினப்ப அதையே இன்னொரு தடவை நெனச்சேன். பதினாலு கிலோ.

ஹல்லிக்கி: பதினொண்ணு.

ராய்வோ: மேட்டுல ஏறுறப்ப பதினாலு... ஆனா அந்த மரம் அறுக்கற மில்லுல, லெப்டினன்ட்...

ஹல்லிக்கி: மரமில்லுல என்ன?

ராய்வோ: எதிரியோட ஜெனரேட்டர் உள்ள இருக்கு. வாசல்ல ரெண்டு கேமரா. இருபது வருஷமா கேமராவைக் கண்டா நான் படுத்து, வயித்தால தேய்ச்சு, சேறும் சகதியுமா ஊர்ற ஆளு. அன்னிக்கு நீங்க அந்தப் பள்ளத்துல உக்காந்து என்னமோ தட்டினீங்க...

ஹல்லிக்கி: அவங்க கேமரா வலைக்குள்ள போயி, காலி வாசலோட படத்தையே திரும்பத் திரும்ப ஓட விட்டேன். நாலு நிமிஷம்.

ராய்வோ: அந்த நாலு நிமிஷமும் நான் நிமிர்ந்து நடந்து போனேன். கையை வீசிக்கிட்டு! ஜெனரேட்டர்ல சாக்பீஸால "குண்டு"ன்னு எழுதிட்டு, மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தேன். உங்க அருமை என் முட்டிக்குத்தான் தெரியும்.

ஹல்லிக்கி: இதை மேஜர்கிட்ட சொல்லுங்களேன்.

ராய்வோ: என் முட்டியைப் பத்தி மேஜர்கிட்ட சொன்னா உங்களுக்கு முன்னாடி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு.

ஹல்லிக்கி: சரி, ஒவ்வொண்ணாப் பாப்போம். மரமில்லு வேலை முடிஞ்சதும் எட்டு கிலோமீட்டர் தள்ளி வந்து பதுங்கினோம். அதுக்கப்பறம் என் கருவி கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு எழுத்து வெளிய அனுப்பலை. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்ப வேற எதுவோ சிக்னல் விட்டிருக்கணும். போன் யாரு வெச்சிருந்தா?

ராய்வோ: எல்லாப் போனும் இரும்புப் பெட்டியில. நானே எண்ணி, நானே பூட்டினேன்.

ஹல்லிக்கி: அஞ்சு பேரு... எத்தனை போன்?

ராய்வோ: அஞ்சு.

ஹல்லிக்கி: நம்ம எண்ட்ரிக்கோட போனும்?

ராய்வோ: அவனோடதும்தான். எண்ட்ரிக் திருடன், ஒத்துக்கறேன். ஆனா போன் விஷயத்துல திருடன் இல்லை.

ஹல்லிக்கி: வேற எந்த விஷயத்துல?

ராய்வோ: அது... எங்க ஊர் விவகாரம். அவன் எனக்குப் பக்கத்து வீடு. விடுங்க.

ஹல்லிக்கி: உங்க கைக்கடிகாரம்?

ராய்வோ: எங்கப்பாவோடது. தினமும் சாவி குடுக்கணும். அது சிக்னல் விட்டா நானே அதை அருங்காட்சியகத்துல வெச்சுடறேன்.

ஹல்லிக்கி: சார்ஜென்ட், ஒண்ணு சொல்றேன். நேத்து மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு என் கருவியில ஒரு போனோட சிக்னல் விழுந்துச்சு. நாப்பது செகண்ட். கண்ணு முழிச்சுது, ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புச்சு, திரும்பத் தூங்கிடுச்சு. சதுப்புல பழம் பறிக்க வந்த ஊர்க்காரங்க யாரோன்னு விட்டுட்டேன். அது என் தப்பு.

ராய்வோ: பழம் பறிக்கறவங்கதான். இப்ப சீசன்.

ஹல்லிக்கி: பழைய பட்டன் போன். ரொம்ப ரொம்பப் பழசு. அந்த மாதிரி போனை இன்னும் வெச்சிருக்கற ஆளு நம்ம படையில ஒருத்தர்தான்.

ராய்வோ: ...கூடாரத்துக்குக் கயிறு கட்டினது சரியில்லை. பாருங்க, அந்த மூலை தொங்குது...

ஹல்லிக்கி: சார்ஜென்ட்.

ராய்வோ: காத்து அடிச்சா பிச்சுக்கிட்டுப் போயிடும்...

ஹல்லிக்கி: ராய்வோ!

ராய்வோ: ...இடது கால் சாக்ஸுல இருக்கு.

ஹல்லிக்கி: அடப்பாவி மனுஷா! இருபது வருஷ சர்வீஸ்! புதுசா வர்றவங்களுக்கு, "போன் வெச்சிருந்தா நீங்க போற வழியெல்லாம் மணி கட்டிக்கிட்டுப் போற மாதிரி"ன்னு பாடம் எடுக்கறது யாரு?

ராய்வோ: நான்தான்.

ஹல்லிக்கி: அப்ப எதுக்கு? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?

ராய்வோ: எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க.

ஹல்லிக்கி: ஏதாவது... பொம்பளை விஷயமா?

ராய்வோ: ஐயோ, எனக்கு நாப்பத்தேழு வயசு. சதுப்புல மூணு நாளா குளிக்காம படுத்திருக்கேன்.

ஹல்லிக்கி: பின்ன என்னதான்?

ராய்வோ: சொல்ல மாட்டேன். கைதியா பிடிச்சா என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க.

ஹல்லிக்கி: நான் எதிரி இல்லை, சார்ஜென்ட். உங்களோட சேந்து செத்தவ.

ராய்வோ: ...மஞ்சக் காளான்.

ஹல்லிக்கி: என்னது?!

ராய்வோ: மெதுவா! எண்ட்ரிக் வெளியதான் உலாத்திக்கிட்டு இருக்கான்.

ஹல்லிக்கி: காளானா?

ராய்வோ: நம்ம பதுங்கின இடத்துல இருந்து எட்டு அடி. ஒரு சாய்ஞ்ச பைன் மரம். அதுக்குப் பின்னால, நேத்து ஒண்ணுக்குப் போகலாம்னு தவழ்ந்து போனேன்... லெப்டினன்ட், ஏழு வயசுல இருந்து நான் காட்டுல காளான் தேடறேன். இந்த மாதிரி பாத்ததே இல்லை. பாசியே தெரியலை. எங்க பாத்தாலும் மஞ்சள். ஒரு புழு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஹல்லிக்கி: ஒண்ணுக்குப் போனீங்களா இல்லையா?

ராய்வோ: அங்கயா? கோயில்ல போவாங்களா யாராவது?

ஹல்லிக்கி: அந்த நேரத்துல நீங்க எதிரியோட சாலையைக் கண்காணிச்சுக்கிட்டு இருக்கணும்.

ராய்வோ: ஒரு கண்ணு சாலை மேலதான் இருந்துச்சு.

ஹல்லிக்கி: சரி, காளானைப் பாத்தீங்க. திரும்ப வரணும், இடம் மறந்துடக் கூடாது. நியாயம். நம்ம வரைபடக் கருவி கையில இருக்கே! ஒரு புள்ளி வெச்சிருந்தா முடிஞ்சுது. எந்த நாட்டுக்காரனாலயும் உடைக்க முடியாத பூட்டு போட்டது அது!

ராய்வோ: அதுல யாரெல்லாம் பாக்கலாம்?

ஹல்லிக்கி: நம்ம அஞ்சு பேரு, மேஜர், தலைமையகத்துல ரெண்டு பேரு.

ராய்வோ: எட்டுப் பேரு! எட்டுப் பேரு பாக்கற இடத்துல எவனாவது காளான் இடத்தைப் போடுவானா?

ஹல்லிக்கி: நாட்டோட ரகசியத்தையே அதுலதான் வெக்கறோம்!

ராய்வோ: நாட்டோட ரகசியத்தை வெக்கலாம்.

ஹல்லிக்கி: ...யாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினீங்க? உங்க மனைவிக்கா?

ராய்வோ: மால்லேவுக்கா? நல்லா கேட்டீங்க. அவ தங்கச்சிகிட்ட சொல்லுவா. தங்கச்சி தார்த்து நகரத்துல முடி வெட்டற கடை வெச்சிருக்கா. அடுத்த சனிக்கிழமை தார்த்து மொத்தமும் இங்க வந்து நிக்கும்.

ஹல்லிக்கி: அப்ப யாருக்குதான்?

ராய்வோ: எனக்கு.

ஹல்லிக்கி: உங்களுக்கா?

ராய்வோ: என் இன்னொரு போனுக்கு. பெட்டியில பூட்டியிருக்கே, அதுக்கு. வரைபடத்துல இருந்த எண்ணைப் பாத்து, தட்டி, அனுப்பிட்டு, இதுல அழிச்சுட்டேன். பாதுகாப்பு முக்கியம் இல்லையா?

ஹல்லிக்கி: ஒரு துண்டுக் காகிதத்துல எழுதியிருக்கலாமே, மனுஷா!

ராய்வோ: எண்ட்ரிக் பாக்கெட்டைத் துழாவுவான். உங்களுக்கு அவனைத் தெரியாது. போன வருஷம் என் ஸ்வெட்டர்ல ஒட்டியிருந்த இலையையும் பூட்ஸ்ல இருந்த மண்ணையும் பாத்தே என் இடத்தைக் கண்டுபிடிச்ச துரோகி அவன்.

ஹல்லிக்கி: அவரை எங்க பிரிவுக்கு அனுப்புங்க. உங்களைவிட உருப்படியா இருப்பாரு.

ராய்வோ: ...லெப்டினன்ட், நெஜமா எனக்கு வெக்கமா இருக்கு. உங்க பேரு அடிபடும்னு நெனச்சுக்கூடப் பாக்கலை. நாப்பது செகண்டுல என்ன ஆயிடப் போகுதுன்னு...

ஹல்லிக்கி: நாப்பது செகண்டுல நெறைய ஆகும். ஆனா... இருங்க. இருங்க, இருங்க.

ராய்வோ: என்ன?

ஹல்லிக்கி: நீங்க அனுப்பினது நேத்து மத்தியானம். அவங்க வந்தது இன்னிக்குக் காலையில. பதினேழு மணி நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

ராய்வோ: சவுனாவுல நீராவிக் குளியல் போட்டிருப்பாங்க. எதிரித் தரப்புக்கு எல்லா வசதியும் உண்டு.

ஹல்லிக்கி: நாப்பது செகண்ட் சிக்னலை வெச்சு எந்தப் பக்கம்னு சொல்லலாம். ரொம்பக் கெட்டிக்காரங்களா இருந்தா எந்தக் காடுன்னு சொல்லலாம். எந்த வயிறுன்னு சொல்ல முடியாது, சார்ஜென்ட்!

உர்மோ: உள்ள வரலாமா?

ராய்வோ: வாங்க வாங்க, கேப்டன் உர்மோ. என் வயிறு உங்களை விசாரிச்சுது. ஆனா செத்தவங்க உயிரோட இருக்கறவங்ககிட்ட பேசக் கூடாதாம். நடுவர் உத்தரவு.

உர்மோ: ஒரு கையெழுத்துதான். "இந்த இடத்தில் பிடிபட்டோம்"னு ஒரு தாள்.

ராய்வோ: செத்தவங்க கையெழுத்தும் போடக் கூடாது.

உர்மோ: சூப்பு கொண்டு வந்திருக்கேன். பட்டாணி சூப்பு, கறுப்பு ரொட்டி.

ராய்வோ: சூப்பைப் பத்தி நடுவர் எதுவும் சொல்லலை. குடுங்க.

உர்மோ: உக்காரலாமா? நானும் காலையில இருந்து சாப்பிடலை... அப்பறம்? எப்படி இருந்துச்சு அந்த இடம்? பதுங்கறதுக்கு வசதியா?

ராய்வோ: ஈரம்.

உர்மோ: ஆமா, ஈரம்தான். சுத்துமுத்தும் வேற ஏதாவது... கண்ணுல பட்டுச்சா?

ராய்வோ: எது மாதிரி?

உர்மோ: எது மாதிரியும் இல்லை. சும்மா கேட்டேன்.

ராய்வோ: மரம். பாசி. கொசு.

உர்மோ: அவ்வளவுதான். வேற ஒண்ணும் கெடையாது அங்க. மோசமான மண்ணு.

ராய்வோ: படு மோசம். புல்லுகூட முளைக்காது.

உர்மோ: திரும்பிப் பாக்கற மாதிரி இடமே இல்லை.

ராய்வோ: உயிரே போனாலும் அந்தப் பக்கம் கால் வெக்க மாட்டேன்.

ஹல்லிக்கி: நீங்க ரெண்டு பேரும் நிலம் ஏதாவது வாங்கப் போறீங்களா? கேப்டன், எனக்கு ஒரு சந்தேகம். என் கருவியோட சிக்னலைப் பிடிச்சோம்னு எழுதியிருக்கீங்களே... எந்த அலைவரிசையில?

உர்மோ: அது... சொல்ல முடியாது, லெப்டினன்ட். எங்க வேலை முறை. ரகசியம்.

ஹல்லிக்கி: நாம எல்லாரும் ஒரே ராணுவம்தானே?

உர்மோ: இந்த வாரம் இல்லை.

ஹல்லிக்கி: எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க? அதையாவது சொல்லலாமே.

உர்மோ: அப்பப்ப. விட்டு விட்டு வந்துச்சு.

ஹல்லிக்கி: விட்டு விட்டா? என் கருவி ரெண்டு நாளா வாயே திறக்கலை!

உர்மோ: மெஷின் என்ன பண்ணுதுன்னு சில சமயம் நமக்கே தெரியாது, இல்லையா? நல்ல சூப்பு. கொஞ்சம் உப்பு கம்மி.

ராய்வோ: கேப்டன், போதும். இந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க. என்கிட்ட ஒரு போன் இருந்துச்சு.

ஹல்லிக்கி: சார்ஜென்ட், இருங்க...

ராய்வோ: இல்லை, சொல்லிடறேன். சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒரு செய்தி அனுப்பினேன். அதை வெச்சுத்தான் நீங்க வந்திருக்கீங்க.

உர்மோ: போனா?... ஆமா! போன்! போன்தான். அதைத்தான் பிடிச்சோம்.

ஹல்லிக்கி: இப்பதானே என் கருவின்னு சொன்னீங்க?

உர்மோ: ரெண்டும்.

ஹல்லிக்கி: போன் எப்ப கேட்டுச்சு?

உர்மோ: விடியக்காலையில. ஒரு... அஞ்சரை, ஆறு?

ராய்வோ: நான் அனுப்பினது நேத்து மத்தியானம்.

உர்மோ: நேத்து மத்தியானமும்.

ஹல்லிக்கி: எத்தனை செய்தி?

உர்மோ: ஏகப்பட்டது. உங்க ஆளு விடாம தட்டிக்கிட்டே இருந்தாரு.

ஹல்லிக்கி: சார்ஜென்ட், இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ராய்வோ: இருக்கலாம். ஆனா அவரோட தாள் மேஜர் கையில இருக்கு. உங்க கையில என்ன இருக்கு?

ஹல்லிக்கி: ...உங்க போன்.

ராய்வோ: அப்ப அதை எழுதுங்க.

ஹல்லிக்கி: எழுதினா உங்களைச் சும்மா விடுவாங்களா?

ராய்வோ: ரெண்டு மாசம் சமையல் கட்டுல உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்லுவாங்க. உரிச்சுட்டுப் போறேன். உங்களுக்கு நகம் போனது நெஜம், லெப்டினன்ட். நான் பாத்தேன். அந்தக் கடைசிக் கல்லுகிட்ட நீங்க வந்தப்ப பூட்ஸுக்குள்ள இருந்து ரத்தம் கசிஞ்சுது, நீங்க என்னைப் பாத்து, "அடுத்து எங்க?"ன்னு கேட்டீங்க. அப்படிப்பட்ட ஆளை ஜன்னல் இல்லாத ரூமுல உக்கார வெக்க நான் காரணமா இருக்க மாட்டேன். எழுதுங்க.

ஹல்லிக்கி: மேஜர் கேப்பாரு, "எதுக்கு போனை எடுத்தான்?"னு.

ராய்வோ: காளான்னு எழுதுங்க.

உர்மோ: ...காளானா?

ஹல்லிக்கி: அவர் நம்ப மாட்டாரு. சாக்குன்னு நெனப்பாரு. என்னைக் காப்பாத்த நீங்க கதை கட்டறீங்கன்னு சொல்லுவாரு.

ராய்வோ: நம்புவாரு. மேஜர் தல்விக்கும் இந்த நாட்டுக்காரர்தானே? இடத்தையும் சேத்து எழுதுங்க, நம்புவாரு. எவனும் பொய்க்காக இடத்தைக் குடுக்க மாட்டான்.

ஹல்லிக்கி: இடத்தையா? சார்ஜென்ட், இந்த ரிப்போர்ட் நாலு மணிக்குப் பெரிய கூடாரத்துல திரையில ஓடும். நூத்தி நாப்பது பேரு பாப்பாங்க.

ராய்வோ: ...எண்ட்ரிக்குமா?

ஹல்லிக்கி: முதல் வரிசையில.

ராய்வோ: ...பரவாயில்லை. எழுதுங்க. எனக்கு மனசு மாறுறதுக்குள்ள எழுதுங்க.

ஹல்லிக்கி: நெஜமாவா சொல்றீங்க?

ராய்வோ: கல்யாணத்தப்பகூட நான் இவ்வளவு நெஜமா சொன்னதில்லை. இந்தாங்க போன். அழிச்சுட்டேன், ஆனா எண்ணு மனப்பாடம்.

ஹல்லிக்கி: மனப்பாடமா? பின்ன எதுக்கு போனைத் தொட்டீங்க?!

ராய்வோ: அனுப்பினப்பறம்தான் மனப்பாடம் ஆச்சு. நேத்துல இருந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

உர்மோ: ஒரு நிமிஷம். இடத்தையெல்லாம் எதுக்கு எழுதணும்? பொதுவா, "தெற்குக் காடு"ன்னு போட்டா போதாதா?

ஹல்லிக்கி: விவரமா இருந்தாதான் நம்புவாங்க, கேப்டன். வரைபடத்துல சிவப்புப் புள்ளியே வெக்கப் போறேன். சொல்லுங்க, சார்ஜென்ட்.

ராய்வோ: வடக்கு... அம்பத்தேழு... நாப்பத்தாறு...

உர்மோ: மேஜரோட மாமியார் வீடு இங்கதான் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு, தெரியுமா உங்களுக்கு?

ஹல்லிக்கி: தெரியாது. அம்பத்தேழு, நாப்பத்தாறு. அப்பறம்?

உர்மோ: அந்த அம்மாவுக்கு நாலு மகள்!

ராய்வோ: சாய்ஞ்ச பைன் மரத்துக்குப் பின்னாலன்னு அடைப்புக்குள்ள போடுங்க. இல்லாட்டித் தேடுவாங்க பாவம். அடுத்த எண்ணு...

உர்மோ: நிறுத்துங்க!

ஹல்லிக்கி: என்ன கேப்டன், சூப்பைக் கொட்டிட்டீங்க.

உர்மோ: எழுதாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். அந்த எண்ணை மட்டும் எழுதாதீங்க.

ராய்வோ: ஏன்? உங்களுக்கு என்ன... ஓஹோ. ஓஹோஹோ! உங்களுக்கும் தெரியுமா?

உர்மோ: தெரியுமாவா? அது எங்க அம்மாவோட இடம்! நாப்பது வருஷமா! எங்க அப்பாவுக்கே அம்மா சொல்லலை. அவங்களுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனப்பறம்தான், ஆஸ்பத்திரிப் படுக்கையில, நர்ஸை வெளிய போகச் சொல்லிட்டு, எனக்கு மட்டும் சொன்னாங்க!

ராய்வோ: காடு எல்லாருக்கும் பொது, கேப்டன். பாத்தவனுக்குச் சொந்தம்.

உர்மோ: நீங்க பாத்து ஒரு நாள்தான்யா ஆச்சு!

ராய்வோ: பாசியைப் போத்திக்கிட்டு அதுக்குக் காவல் இருந்தேன்யா நான்!

உர்மோ: எதையாவது பறிச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க!

ராய்வோ: தொடலை! எங்க ஆளுங்க மேல சத்தியம்! நீங்க என் வயித்துல வெச்ச காலை அது மேல வெச்சிருந்தா நான் அப்பவே உங்களைக்...

ஹல்லிக்கி: ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா! மணி மூணே முக்கால். கேப்டன், நான் எண்ணை அழிச்சுடறேன். புள்ளியும் வெக்க மாட்டேன். சார்ஜென்டும் யாருக்கும் சொல்ல மாட்டாரு.

ராய்வோ: வருஷத்துக்கு ஒரு வாளி.

உர்மோ: அரை வாளி.

ஹல்லிக்கி: பேரத்தை அப்பறம் வெச்சுக்கங்க. பதிலுக்கு நீங்க இப்பவே மேஜர்கிட்ட போயி, அந்தத் தாளை வாங்கிக் கிழிச்சுட்டு, நடந்ததை அப்படியே சொல்லணும்.

உர்மோ: நடந்ததைச் சொன்னா என் வேலைக்கே ஆபத்து, லெப்டினன்ட். என் அஞ்சு சிப்பாய்களையும் சேத்து மாட்டி விட்ட மாதிரி ஆயிடும்.

ஹல்லிக்கி: இடமா, வேலையா? நீங்களே சொல்லுங்க.

உர்மோ: ...யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? இடம்தான்.

ராய்வோ: நல்ல மனுஷன். எனக்கு இவரைப் பிடிச்சுப் போச்சு.

ஹல்லிக்கி: அப்ப மேஜர்கிட்ட சொல்லப் போறதை முதல்ல என்கிட்ட சொல்லுங்க. என் முகத்தைப் பாத்து. என் கருவி எப்ப, எங்க, என்ன சத்தம் போட்டுச்சு?

உர்மோ: ஒரு சத்தமும் போடலை, லெப்டினன்ட். ஆறு பேரு, மூணு வண்டி, காதுல மாட்டினதைக் கழட்டாம ரெண்டு நாள் உக்காந்திருந்தோம். உங்ககிட்ட இருந்து ஒரு முணுமுணுப்பு வரலை, இவரோட போனையும் நாங்க கோட்டை விட்டுட்டோம். நீங்க இந்தக் காட்டுலயே இல்லை, வேற எங்கயோ போயிட்டீங்கன்னு நேத்து சாயங்காலமே முடிவு பண்ணிட்டோம்... அதனாலதான் இன்னிக்குக் காலையில வேலையைப் போட்டுட்டு, ஆளுக்கொரு வாளியை எடுத்துக்கிட்டுக் காளான் பறிக்கக் கிளம்பினோம்.